ரோமில் இறங்கி சூரிக்கில் ஏறுவது: ரயிலையும் வாடகைக் காரையும் இணைத்த ஒரு குடும்பப் பயணத்தின் செய்முறை

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் முதலில் விரித்த தாளில், பதினைந்து இரவுகளுக்கு ஒன்பது ஊர்கள் இருந்தன. ரோம், நேப்பிள்ஸ், ஃபுளோரன்ஸ், பீசா, சியெனா, வெனிஸ், மிலான், இண்டர்லாக்கன், சூரிக் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்திருந்தேன். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறும் நாட்களைத் தனியாக எழுதிப் பார்த்தபோதுதான் அந்தத் திட்டம் நிற்காது என்று தெரிந்தது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரந்தான். ஆனால் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டிகளை உருட்டிக்கொண்டு நிலையம் போய், காத்திருந்து, ஏறி இறங்கி, அடுத்த விடுதியில் மூன்று மணிக்கு அறைச் சாவி வாங்கும்போது ஐந்து மணி நேரம் போய்விடுகிறது. எட்டு முறை இப்படி இடம் மாறினால் முழுதாக நான்கு பகல்கள் பெட்டியோடு கழியும். உடன் வருபவர்களோ, என் கணவரைத் தவிர, முழங்கால் வலியுள்ள அறுபத்தெட்டு வயது அம்மாவும் ஒன்பது வயது மகளும்.

ஆகவே ஊர்ப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு வேறு பக்கத்திலிருந்து தொடங்கினேன். விமானத்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து கார், காரிலிருந்து மறுபடி ரயில், ஒரு நாட்டு ரயிலிலிருந்து மற்றொரு நாட்டு ரயில் என்று வாகனம் மாறும் இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். வீட்டில் அவற்றை ‘மாறுமிடம்’ என்றே சொல்லத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு மாறுமிடத்துக்கும் மூன்று கேள்விகள்: அங்கே தாமதமானால் எவ்வளவு பணம் போகும், பெட்டிகளை யார் தூக்குவது, அம்மா உட்கார இடம் இருக்கிறதா. இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே அறைகளைப் பதிவு செய்வது என்று முடிவு செய்தேன். பயணம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கையில், திட்டமிடலில் நான் செய்த மிகச் சரியான காரியம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதல் பயன் உடனே தெரிந்தது. ரோமில் இறங்கி ரோமிலேயே திரும்ப விமானம் ஏறுவதற்குப் பதிலாக, ரோமில் இறங்கி சூரிக்கில் ஏறும் வகையில் பயணச்சீட்டு வாங்கினால், வந்த வழியே திரும்பும் ஒரு முழு நாள் மிச்சமாகும். விமான நிறுவனங்களின் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்ற தேர்வில் இதைப் பார்க்க வேண்டும். ஒருவழிச் சீட்டுகள் இரண்டைத் தனித்தனியே வாங்கினால் விலை பெரும்பாலும் ஏறிவிடும். இரு முனைகளும் உறுதியானதும், நடுவில் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஒரே கோடு மிஞ்சியது. அந்தக் கோட்டிலிருந்து விலகி நின்ற நேப்பிள்ஸ், பீசா, வெனிஸ், இண்டர்லாக்கன் நான்கையும் அடித்துவிட்டேன். வெனிஸை அடிக்க என் மகள் எளிதில் சம்மதிக்கவில்லை. இறுதி வடிவம் இதுதான்: ரோமில் மூன்று இரவு, ஃபுளோரன்ஸில் இரண்டு, சியெனாவுக்குத் தெற்கே பியென்சா அருகில் ஒரு பண்ணை விடுதியில் ஐந்து, மிலானில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் இரண்டு, சூரிக்கில் இரண்டு.

இந்தக் கணக்கு விசாவுக்கும் வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் சேர்ந்த நாடு என்பதால் இரு நாட்டுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் பதினோர் இரவுகள், சுவிட்சர்லாந்தில் நான்கு என்பதால் இத்தாலிய விசாவுக்கு விண்ணப்பித்தோம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், தங்குமிடப் பதிவுகளும் காட்ட வேண்டும் என்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே அந்தக் கட்டத்தில் பதிவு செய்தேன்.

காரைப் பற்றிய யோசனைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ரோமில் எடுத்து சூரிக்கில் விடுவது என்பதே என் கணவரின் முதல் எண்ணம். எழுதிப் பார்த்தால் அது மூன்று இடங்களில் இடித்தது. ஒரு நாட்டில் எடுத்த காரை வேறு நாட்டில் விட வாடகை நிறுவனங்கள் பெருந்தொகை கேட்கின்றன. சுவிஸ் நெடுஞ்சாலைகளில் ஓட்ட 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை (ஸ்டிக்கர்) தனியே வாங்க வேண்டும். ரோம், ஃபுளோரன்ஸ், மிலான் போன்ற நகரங்களில் கார் நமக்குப் பயன்படாது. நிறுத்துமிடத்துக்கு நாள் வாடகை கொடுத்து அதைக் கட்டிப் போடுவதாகவே முடியும். ரயில் நன்றாக ஓடும் இடத்தில் ரயில், ரயிலே இல்லாத மலைச்சரிவுகளுக்கு மட்டும் கார் என்று பிரித்தபோது, காரின் தேவை ஐந்து நாட்களாகச் சுருங்கியது. ஃபுளோரன்ஸில் எடுத்து ஃபுளோரன்ஸிலேயே விட்டால் இடம் மாற்றி விடும் கட்டணமும் கிடையாது.

ஆனால் ஃபுளோரன்ஸில் எங்கே எடுப்பது என்பது சிறிய கேள்வி அன்று. இத்தாலியின் பழைய நகரங்களின் நடுப்பகுதியில், அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே நுழையக்கூடிய வட்டாரங்கள் உண்டு. அங்கே அவற்றை இசட்.டி.எல். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வெள்ளை வட்டத்தில் சிவப்பு விளிம்பு வைத்த பலகையும், அதன் மேலே ஒரு கேமராவும் இருக்கும்; தடுப்புக் கட்டை எதுவும் இராது. கூடவே ஒளிப்பலகை இருந்தால், அதில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரியும்போது தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லுக்கு ‘வாயில் இயங்குகிறது’ என்று அர்த்தம் என்பதால், திறந்திருக்கிறது என நினைத்து நுழைந்துவிட எளிதில் வாய்ப்புண்டு. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும், அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், வாடகை நிறுவனம் நம் முகவரியைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். நகரின் நடுவில் காரை எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே இந்தச் சிக்கலில் மாட்டலாம். ஆகையால் விமான நிலையத்தை ஒட்டிய கிளையில் எடுப்பது என்று தீர்மானித்தேன். 2019 முதல் ஃபுளோரன்ஸ் விமான நிலையத்துக்கும் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையப் பக்கத்துக்கும் இடையே டி2 டிராம் ஓடுகிறது. இருபது நிமிடப் பயணம். விமானத்தில் வராதவர்கள் விமான நிலையத்துக்குப் போய்க் காரை எடுப்பது சுற்று வழி போலத் தோன்றினாலும், அங்கிருந்து வெளியே வந்தால் நேரே நெடுஞ்சாலை.

காரின் அளவைத் தீர்மானிக்க வீட்டு முன்கூடத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். தளங்களில் ‘ஐந்து பேர், இரண்டு பெரிய பெட்டி’ என்று படம் போட்டிருப்பதை நம்ப முடியவில்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அளவுள்ள காரின் டிக்கி ஏறத்தாழ 380 லிட்டர்; அதே காரின் நீண்ட பின்பகுதி கொண்ட வகையில் 600 லிட்டருக்குச் சற்று மேல்; படங்களில் அழகாகத் தெரியும் ஃபியட் 500-இல் வெறும் 185 லிட்டர். எங்களிடம் இருந்த இரண்டு பெரிய சூட்கேஸ்கள் ஒவ்வொன்றும் நூறு லிட்டர் வரும். அவற்றோடு இரண்டு கைப்பெட்டிகளையும் அம்மாவின் மடக்கு நாற்காலியையும் கோட்டுக்குள் அடுக்கிப் பார்த்ததில், கோல்ஃப் அளவில் ஒரு பெட்டி வெளியே நின்றது. பின் கண்ணாடி மறையாமலும், பெட்டிகள் வெளியே தெரியாமலும் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்புக்கும் திருட்டுக்கும் சேர்த்தே அவசியம். ஒரு பெரிய பெட்டியை நடுத்தரப் பெட்டியாக மாற்றி, நீண்ட வகைக் காரைப் பதிவு செய்தேன். தேடும்போது ‘ஆட்டோமேட்டிக்’ என்று குறிப்பிட மறக்கக் கூடாது. ஐரோப்பாவில் குறிப்பிடாமல் விட்டால் கியர் வண்டியே கிடைக்கும். பழகாத பக்கத்தில் உட்கார்ந்து, பழகாத கையால் கியர் மாற்றுவதை முதல் நாளிலேயே செய்ய நான் விரும்பவில்லை.

அடுத்தது கடன் அட்டை. இதைப் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். காரை ஓட்டப்போவது நான். காரை எடுக்கும்போது வாடகை நிறுவனம் ஒரு தொகையை முன்வைப்பாக நிறுத்தி வைக்கும். அதற்கான கடன் அட்டை முதன்மை ஓட்டுநரின் பெயரில்தான் இருக்க வேண்டும். டெபிட் கார்டையோ, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய பிரீபெய்டு அட்டையையோ பெரும்பாலும் ஏற்பதில்லை. எங்கள் வீட்டில் கடன் அட்டை என் கணவர் பெயரில் மட்டுமே இருந்தது. அவர் அட்டையைக் காட்டி என் பெயரில் காரை எடுக்க முடியாது என்று பதிவு நிபந்தனைகளைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. கவுண்டரில் போய்த் தெரிந்திருந்தால் பயணமே நின்றிருக்கும். மூன்று மாதங்களுக்கு முன்பே என் பெயரில் அட்டை வாங்கி, முன்வைப்பும் செலவும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு வரம்பை உயர்த்தி, வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, நான்கு இலக்க ரகசிய எண்ணை மனப்பாடம் செய்துகொண்டேன்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எளிதாகக் கிடைத்தது. படிவம் 4ஏ, கட்டணம் ஆயிரம் ரூபாய், செல்லுபடிக் காலம் ஓராண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் அந்தச் சிறு புத்தகம் நம் ஓட்டுநர் உரிமத்துக்கு மாற்றாகாது. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். இத்தாலியில் 150 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரிய இருக்கை கட்டாயம் என்பதால், மகளுக்கு ஓர் உயர்த்தும் இருக்கையையும் காரோடு சேர்த்தே கேட்டிருந்தேன்.

காப்பீட்டில் அவசரப்படக் கூடாது. வாடகையில் அடங்கிய அடிப்படைக் காப்பீட்டில், கார் சேதமடைந்தால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாம் கொடுக்க வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல நிபந்தனைகளில் வெளியே நிறுத்தப்பட்டிருக்கும். நாங்கள் தங்கப்போகும் பண்ணை விடுதிக்கு வழியோ, இத்தாலியர்கள் ‘வெள்ளைச் சாலை’ என்று சொல்லும் சரளைக்கல் பாதை. சேதம் வந்தால் அந்த மூன்று பாகங்களில்தான் வரும். எனவே அவற்றையும் சேர்த்து முழுப் பாதுகாப்பு தரும் தேர்வைப் பதிவு செய்யும்போதே எடுத்தேன். விலை கூடுதல்தான், ஆனால் கவுண்டரில் நின்றுகொண்டு, புரியாத தாளில் கையெழுத்திடும் நிலை வரவில்லை.

ரயில் சீட்டுகளை விசா கையில் வந்த பிறகே வாங்கினேன். இத்தாலியின் அதிவேக ரயில்களில் ஒரே இருக்கைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலைகள் உண்டு. மிக மலிவான சீட்டை மாற்றவோ திருப்பித் தரவோ முடியாது. ‘பாஸே’ என்ற முழு விலைச் சீட்டை, ரயில் புறப்படும் முன் வேறு ரயிலுக்கு எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம், கட்டண வித்தியாசம் இருந்தால் மட்டும் கட்ட வேண்டும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகும் காலையில் விடுதிக்கும் நிலையத்துக்கும் இடையே எதுவும் தவறுவதற்கில்லை என்பதால், அதற்கு மலிவான சீட்டு. காரை ஒப்படைத்துவிட்டு ஃபுளோரன்ஸிலிருந்து மிலான் போகும் ரயிலுக்கு மட்டும் நான்கு பேருக்கும் முழு விலைச் சீட்டு. பணத்தை எங்கே சேமிப்பது, எங்கே கொடுப்பது என்பதை மாறுமிடத் தாளே சொல்லிவிட்டது. சாதாரண வட்டார ரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை, விலையும் மாறாது. காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் நேரம் பதித்த பின்பே ஏற வேண்டும், இல்லையேல் அபராதம். வேலைநிறுத்தங்கள் அங்கே முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், போக்குவரத்து அமைச்சகம் வெளியிடும் நாட்காட்டியை வாரம் ஒரு முறை பார்த்து வந்தேன். வேலைநிறுத்த நாளிலும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி.

ரோமும் ஃபுளோரன்ஸும் திட்டப்படி சென்றன. ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு இடையில் நிற்காத ரயில் 32 நிமிடத்தில் கொண்டு சேர்க்கிறது. தெர்மினியிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுத்திருந்தது அம்மாவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் காரை எடுத்தோம். சாவியை வாங்கியதும் புறப்படாமல், இருபத்தைந்து நிமிடம் காரைச் சுற்றிப் படமெடுத்தேன். நான்கு சக்கர விளிம்புகள், இரு பம்பர்களின் கீழ்ப்பகுதி, முன் கண்ணாடி, கூரை, கிலோமீட்டர் எண்ணிக்கையும் பெட்ரோல் அளவும் தெரியும் டாஷ்போர்டு எல்லாவற்றையும் படமெடுத்தபோது, முன்பக்க வலது சக்கர விளிம்பில் விரல் நீளக் கீறல் ஒன்று இருந்தது. கொடுத்த தாளில் அது குறிக்கப்படவில்லை. ஊழியரை அழைத்துக் காட்டி, தாளில் எழுத வைத்து, எழுதிய தாளையும் படமெடுத்துக்கொண்ட பிறகே வண்டியைக் கிளப்பினேன்.

வலப்பக்கம் ஓட்டுவது பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை; கடினமாக இருந்தது வேறொன்று. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது, நம் உடல் பழைய வழக்கப்படி சாலையில் தன் இடத்தைத் தேடுவதால், கார் தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. சியெனா சாலையில் பத்து நிமிடம் போவதற்குள் பின்னாலிருந்து அம்மா, “கண்ணு, இந்தப் பக்கம் ஓரம் ரொம்ப ஒட்டிப் போகுது பாரு” என்றார். அவர் சொன்னதும் உண்மை. வெள்ளைக் கோட்டின் மேலேயே சக்கரம் போய்க்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருக்கும் இடம் என் தடத்தின் இடக் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்ட பின் அது சரியாயிற்று. நம் ஊரில் நான் ஓட்டும் காரில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். முதல் நாள் முழுவதும் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். தயக்கம் வந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றுவதில் தவறில்லை என்று கணவர் சொன்னது நல்ல யோசனை. ஃபுளோரன்ஸ் – சியெனா விரைவுச்சாலைக்குச் சுங்கம் கிடையாது, தூரமும் அதிகமில்லை. அதனால் முதல் நாள் ஓட்டத்தை அந்தப் பக்கமாக வைத்திருந்தேன்.

சியெனாவில் மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் காரோடு நுழைய முயலவே இல்லை. சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்தில் காரை விட்டால், அங்கிருந்து நகரும் படிக்கட்டுகள் மேலே பேராலயத்தின் பக்கம் கொண்டு விடுகின்றன. முழங்கால் வலியுள்ளவரோடு மலை நகரங்களுக்குப் போகிறவர்கள், நிறுத்துமிடத்தை விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அங்கிருந்து மேலே ஏறும் வசதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலக் கோடு கட்டண நிறுத்தம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு பிறருக்கு ஒதுக்கப்பட்டது.

பண்ணை விடுதியில் ஐந்து இரவும் ஒரே அறையில் தங்கியது எங்களுக்கு மிகுந்த நிம்மதி தந்தது. பெட்டிகளை ஒரே முறை திறந்தோம். 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஓர்ச்சா பள்ளத்தாக்கில், பியென்சாவும் மோந்தால்ச்சினோவும், அதை ஒட்டி மோந்தெபுல்ச்சானோவும் எங்கள் விடுதியிலிருந்து ஏறத்தாழ அரை மணி ஓட்டத்தில் இருந்தன. விடுதியில் சமையலறை இருந்ததால் அம்மா இரவில் ரசம் வைத்தார். சற்றுத் தள்ளியிருக்கும் மலை நகரமான சான் ஜிமிஞ்ஞானோவுக்கு மட்டும் ஒரு நாள் முழுதாக ஒதுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காரை ஒப்படைக்க வேண்டிய நாள். வாடகை 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதால் பதினோரு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு நாள் வாடகை. பியென்சா பக்கத்திலிருந்து ஃபுளோரன்ஸ் விமான நிலையம் ஏறத்தாழ 130 கி.மீ. காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். ஏ1 நெடுஞ்சாலையின் நுழைவில் சீட்டை எடுத்துக்கொண்டு, வெளியேறும்போது சுங்கம் கட்ட வேண்டும். வெள்ளைப் பலகைத் தடத்தில் ரொக்கம், நீலப் பலகைத் தடத்தில் அட்டை, மஞ்சள் தடம் தானாகச் சுங்கம் கட்டும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும். வேக வரம்பு 130, மழையில் 110. சாலைக்கு மேலே நிற்கும் இரு கேமரா வளைவுகளுக்கு இடையே சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் இருப்பதால், கேமராவைக் கண்டதும் வேகம் குறைப்பதில் பயனில்லை.

பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தருவது ஒப்பந்தம். நெடுஞ்சாலையோரப் பங்குகளில் விலை அதிகம் என்பதால், வெளியே வந்து நகரை ஒட்டிய பங்கில் நிரப்பலாம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். என் திட்டத்தில் இருந்த பிழை அதுதான். ஞாயிறு காலை அந்தப் பங்கில் ஆளே இல்லை. பம்புகளுக்கு நடுவில் ஒரு இயந்திரம் மட்டும் நின்றது. என் அட்டையைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தினேன், ஏற்கவில்லை. கணவரின் அட்டையையும் ஏற்கவில்லை. அடுத்த பங்குக்குப் போனோம். அங்கும் அதே இயந்திரம், அதே பதில். பணத்தாள் செருகும் வாய் இருந்தது. இருபது யூரோத் தாளை அது இரண்டு முறை வெளியே தள்ளியது. மூன்றாம் முறை மடிப்பை விரலால் நீவிவிட்டுச் செருகியபோது உள்ளே இழுத்துக்கொண்டது. பம்பின் எண்ணை அழுத்தி, பச்சைக் கைப்பிடியை எடுத்து நிரப்பினால், இருபது யூரோவோடு சட்டென்று நின்றது. மீதிச் சில்லறை தராத இயந்திரம் என்பதால், தேவைக்கு அதிகமாகத் தாளைச் செருகினால் அந்தப் பணம் கையை விட்டுப் போன மாதிரிதான். கையில் மிஞ்சியிருந்தது ஐம்பது யூரோத் தாள். கணவர் எதிரில் இருந்த காப்பிக்கடைக்குப் போய், நான்கு பேருக்கும் ஏதேனும் வாங்கிக்கொண்டு மாற்றி வந்தார். இருபதும் ஐந்தும் மேலும் செருகிய பிறகே முள் முழு அளவைத் தொட்டது. ரசீதைப் படமெடுத்துக்கொண்டேன்.

இதற்குள் ஐம்பது நிமிடம் போயிருந்தது. அந்தப் பங்கிலேயே நின்றுகொண்டு கணவர் செயலியைத் திறந்து, பன்னிரண்டரை மணியை ஒட்டிய மிலான் ரயிலை அடுத்த மணி நேர ரயிலுக்கு மாற்றினார். சிறிய வித்தியாசத் தொகை கட்டியதோடு முடிந்தது. ஒப்படைக்கும் இடத்தை பத்தே முக்காலுக்குத் தொட்டோம். எங்களுக்கு முன் ஐந்து கார்கள், சரிபார்க்க ஓர் ஊழியர். முறை வந்ததும் அவரோடு காரைச் சுற்றி வந்து, சேதம் இல்லை என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கினேன். டிராமில் ஏறி நிலையம் சேர்ந்து, அம்மாவை உட்கார வைத்து, சாப்பிட்டுவிட்டு ஏறினோம். பழைய சீட்டாக இருந்தால் ஓடியிருக்க வேண்டும். மாற்ற முடியாத சீட்டாக இருந்தால் நான்கு இருக்கைகளின் பணமும் போயிருக்கும். அடுத்த முறை நெடுஞ்சாலையிலேயே, ஆள் இருக்கும் பங்கில், விலை கூடுதலாக இருந்தாலும் நிரப்பிக்கொண்டு வெளியே வருவேன். இருபது, பத்து, ஐந்து யூரோத் தாள்களைத் தனி உறையில் வைத்திருப்பேன்.

மிலானிலிருந்து வட்டார ரயில் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி, இரண்டரை மணி நேரத்தில் சுவிஸ் எல்லையை ஒட்டிய இத்தாலிய ஊரான திரானோ போய்ச் சேர்கிறது. இத்தாலிய நிலையமும், சுவிஸ் ரயில் நிறுவனமான ரேத்தியன் ரயில்வேயின் நிலையமும் அங்கே அருகருகே இருக்கின்றன. பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகச் சில நிமிடம் போதும். இந்த மாறுமிடத்துக்கு ஒரு மணி நேரம் விட்டிருந்தேன். திரானோவிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும், 1910-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பெர்னினா மலைத் தடத்தில், அகலக் கண்ணாடி பதித்த சுற்றுலா ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரணச் சிவப்பு ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம், விரும்பிய நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம், சில பெட்டிகளில் ஜன்னலையும் இறக்கலாம். முந்தைய ரயில் தாமதமானாலும் எதையும் இழக்காத சாதாரண ரயிலையே தேர்ந்தெடுத்தேன். மகளுக்கு, பெற்றோருடன் பயணம் செய்யும் குழந்தைகளுக்கான சுவிஸ் குடும்ப அட்டையால் சீட்டே வாங்க வேண்டியிருக்கவில்லை.

திரானோவில் 429 மீட்டரில் புறப்படும் ரயில் ஊரின் சாலை நடுவே கார்களோடு சேர்ந்து ஓடி, புரூசியோவில் வட்டமான பாலத்தில் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு சுற்றி ஏறி, ஓஸ்பீட்சியோ பெர்னினா நிலையத்தில் 2,253 மீட்டரைத் தொடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ரயிலில் பலமுறை போயிருக்கும் அம்மா, பல்சக்கரம் எங்கே என்று கேட்டார். இரண்டுமே மீட்டர் பாதை. நம் நீலகிரி ரயில் கல்லாறுக்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவைப் பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இது நூற்றுக்கு ஏழு என்ற சரிவைச் சக்கரத்தின் பிடிமானத்தாலேயே ஏறுகிறது. வழியில் ஆல்ப் குரூம் நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து பனிப்பாறையைப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறினோம். அகலக் கண்ணாடி ரயிலில் போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்காது. செயின்ட் மோரிட்ஸிலிருந்து கூர் என்ற நகர் வழியாக சூரிக் போனதும், சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நின்றதும் எழுதும் அளவுக்குச் சிக்கல் இல்லாமல் நடந்தன.

ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து வாடகை நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: முன்பக்க வலது சக்கர விளிம்பில் கீறல் இருப்பதாகவும், என் அட்டையிலிருந்து பணம் பிடிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். காரை எடுத்தபோது பிடித்த படம், ஊழியர் கையால் குறித்த தாள், சேதமில்லை என்ற ஒப்படைப்புத் தாள் மூன்றையும் ஒரே பதிலில் அனுப்பினேன். நான்காம் நாள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சாலை அபராதச் சீட்டு எதுவும் இதுவரை வரவில்லை. அது தாமதமாகவும் வரலாம் என்பதால், பயணத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி, ஓராண்டு முடியும் வரை அலமாரியில் வைத்திருக்கிறேன்.